காய்ச்சல் போயிற்று, களைப்புப் போகவில்லை!

காய்ச்சல் விட்டு மாதக் கணக்கில் ஆகியிருக்கும். ஆயினும் நாலு படி ஏறினால் கால் துவளும். இரவெல்லாம் தூங்கி எழுந்தாலும் உடம்பு அடித்துப் போட்டாற்போல் இருக்கும். "எல்லாம் சோம்பேறித்தனம்" என்று வீட்டார் முணுமுணுப்பார்கள்.

சோம்பல் அல்ல இது! இன்புளுயன்சா, டெங்கு, கொரோனா போன்ற வைரஸ் நோய்கள் விட்டுச் செல்லும் அசதி.

வாசனைத் தைலத்தால் இதைப் போக்க முடியுமா? அமெரிக்காவில் நடந்து, 2022-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆராய்ச்சி இதைச் சோதித்துப் பார்த்தது.

40 பெண்கள்

கொரோனா குணமாகியும் அசதி தீராத 40 பெண்களை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் தைம் என்ற மூலிகை, ஆரஞ்சுத் தோல், கிராம்பு, பறங்கிச் சாம்பிராணி ஆகியவற்றின் தைலக் கலவையைத் தினம் இரண்டு வேளை முகர்ந்தார்கள். மற்றப் பிரிவினருக்கு இந்தத் தைலங்கள் சேராத வேறு எண்ணெய். யாருக்கு எது என்பதைச் சொல்லவில்லை.

14 நாட்கள் கழித்துப் பார்த்தால், தைலக் கலவையை முகர்ந்தவர்களுக்கே அசதி கூடுதலாகக் குறைந்திருந்தது!

மூக்கின் மேற்புறத்திலுள்ள நரம்புகள், உணர்ச்சிக்கும் ஞாபகத்துக்கும் உரிய மூளைப் பகுதிகளோடு நெருங்கிய தொடர்புடையவை. நல்ல வாசனை பட்டதும் மனம் தெளிவது அதனால்தான் என்கிறார்கள்.

விளம்பரத்தை நம்பலாமா?

40 பேர் என்பது சிறு கூட்டம். 14 நாள் என்பது சொற்பக் காலம். அசதி குறைந்ததா என்பதும் அவரவர் சொன்ன பதிலைக் கொண்டே கணக்கிடப்பட்டது. பணம் கொடுத்ததோ தைலம் விற்கும் கம்பெனி! ஆகவே, இந்த ஒன்றை வைத்துக்கொண்டு "அசதியை அடியோடு போக்கும்" என்று யாராவது சொன்னால், காசைக் கரைக்க வேண்டாம்.

விருப்பமிருந்தால் கைக்குட்டையில் ஒரு துளி விட்டு முகரலாம். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அதுவும் ஒத்துக்கொள்ளாமற் போகலாம். குடிக்கவே கூடாது. கிராம்புத் தைலமும் யூகலிப்டஸ் தைலமும் சிறிதளவு வயிற்றுக்குள் போனாலும் குழந்தைகளின் உயிருக்கே ஆபத்து. எட்டாத இடத்தில் வையுங்கள்.

எது மருந்து?

அசதி நீடித்தால் டாக்டரிடம் காட்டுங்கள். இரத்தசோகை, தைராய்டுக் கோளாறு, நீரிழிவு ஆகியவையும் இதே வேஷத்தில் வருவதுண்டு. அவை இல்லையென்று தெரிந்தால், உடம்பு தாங்கும் அளவுக்கு வேலையைப் பங்கிட்டு, களைப்பு வருமுன்பே ஓய்வெடுக்க வேண்டும். இன்று கொஞ்சம் தெம்பு வந்ததென்று நாலு நாள் வேலையை ஒரே நாளில் இழுத்துப் போட்டுக்கொண்டால், மறுநாள் படுக்கைதான்.

தைலம் சற்று ஆறுதல் தரலாம். ஆனால் அந்த ஓய்வைக் கொடுக்க வேண்டியவர்கள் வீட்டிலுள்ளவர்கள்தாம்!