நான்காம் வகுப்பு எனும் திருப்பம்

நெய்வேலி நகரியத்தின் ஏதாவது ஒரு வட்டத்தில் காலை எட்டரை மணிக்கு நின்று பார்த்தால் போதும். மத்திய அரசுப் பள்ளி, என்எல்சி நிறுவனத்தின் பள்ளி, தனியார் பள்ளி எனப் பல வண்ணச் சீருடைகள் ஒரே சாலையில் செல்லும். நகரியத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குச் செல்வோர் வேறு. இவர்களில் ஒன்பது வயதை எட்டிய குழந்தைகள் எல்லோரும் படிப்பது நான்காம் வகுப்புதான். ஆனால், அந்த வகுப்பில் அவர்கள் கற்க வேண்டியது என்ன என்று கேட்டால், பெற்றோரில் பலரிடம் மதிப்பெண்ணைத் தவிர வேறு பதில் இருக்காது.

மூன்றாம் வகுப்பு வரை குழந்தை படிக்கக் கற்கிறது. நான்காம் வகுப்பிலிருந்து, படித்துக் கற்கத் தொடங்குகிறது. வாசிப்பு வளர்ச்சியைப் படிநிலைகளாக வகுத்த அமெரிக்கக் கல்வியாளர் ஜீன் சால், 1983-இல் வெளியான தமது நூலில் இந்தத் திருப்பத்தைச் சுட்டிக்காட்டினார். அதுவரை நன்றாகப் படித்துவந்த, குறிப்பாக ஏழைக் குடும்பக் குழந்தைகள் நான்காம் வகுப்பை ஒட்டித் தடுமாறத் தொடங்குவதையும் அவர் பின்னர் ஆராய்ந்தார். அதற்கு அவர் கண்ட முதன்மையான காரணம், பேச்சில் புழங்காத சொற்கள் பாடநூலில் பெருகுவது.

தமிழில் இந்தச் சிக்கல் இன்னும் ஆழமானது. நம் எழுத்துமுறை பெரும்பாலும் எழுதியபடியே ஒலிப்பது. எழுத்துகளை அறிந்த குழந்தை எந்தப் பத்தியையும் உரக்கப் படித்துவிடும். கேட்கும் பெற்றோரும் ஆசிரியரும் மனநிறைவு அடைந்துவிடுவர். ஆனால், வீட்டில் 'காஞ்சு போச்சு' என்று பேசும் குழந்தைக்கு 'நீர் ஆவியாகிவிடுகிறது' என்னும் தொடர் பாதி அந்நிய மொழி. வாய் படிக்கிறது, மனம் படிக்கவில்லை என்பது வெளியே தெரிவதே இல்லை.

எதிர்பார்ப்புகள் ஏட்டில் தெளிவாகவே உள்ளன. தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமம் 2017-இல் வகுத்த கற்றல் விளைவுகளின்படி, நான்காம் வகுப்புக் குழந்தை இரண்டு, மூன்று இலக்க எண்களைப் பெருக்க வேண்டும். சமமாகப் பங்கிட்டும் திரும்பத் திரும்பக் கழித்தும் வகுத்தலை விளங்கிக்கொள்ள வேண்டும். அரை, கால், முக்கால் ஆகிய பின்னங்களைக் கையாள வேண்டும். வட்டத்தின் மையம், ஆரம், விட்டம் ஆகியவற்றை அறிய வேண்டும். சூழலியலில், தொழில்களும் பொருள்களும் அன்றும் இன்றும் எவ்வாறு மாறியுள்ளன என்று விவரிக்க வேண்டும்.

நூல்கள் மட்டும் வேறுபடுகின்றன. 2019-20-இல் அறிமுகமான தமிழகப் பாடத்திட்டத்தில் நான்காம் வகுப்புக்கு அறிவியலும் சமூக அறிவியலும் தனித்தனி. தேசியக் குழுமம் 2025-இல் வெளியிட்ட புதிய நூல்களிலோ இரண்டும் ஒரே பாடம். ஒரே தெருவில் விளையாடும் இரு குழந்தைகளின் புத்தகப் பைகள் வெவ்வேறு. எட்ட வேண்டிய இடம் ஏறத்தாழ ஒன்றே.

எளிய கணக்கு ஒன்று. சுரங்கத்தைப் பார்வையிட 130 மாணவர்கள் செல்கின்றனர். ஒரு பேருந்தில் 40 பேர் அமரலாம். எத்தனை பேருந்துகள் தேவை? வகுத்தால் ஈவு 3, மீதி 10. 'மூன்று' என்று எழுதும் குழந்தைக்கு வகுத்தல் தெரியும்; ஆனால், பத்துப் பேரைச் சாலையில் நிறுத்திவிட்டது அதற்குத் தெரியவில்லை. 'நான்கு' என்று எழுதும் குழந்தையே கேள்வியைப் படித்திருக்கிறது.

இந்தத் திருப்பத்தில் தடுமாறும் குழந்தையைக் கண்டறிய நம்மிடம் என்ன ஏற்பாடு உள்ளது? 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின்படி நான்காம் வகுப்பில் எந்தக் குழந்தையையும் தேக்கி வைக்க முடியாது. அது சரியான ஏற்பாடே. தோல்வி முத்திரை எந்தக் குழந்தைக்கும் படிக்கக் கற்றுத் தராது. ஆனால், 2021-இல் நடந்த தேசிய அடைவு ஆய்வு 3, 5, 8, 10-ஆம் வகுப்புகளை அளந்தது. 2024 டிசம்பரில் நடந்த தேசிய ஆய்வு 3, 6, 9-ஆம் வகுப்புகளை எடுத்துக்கொண்டது. தமிழக அரசு 2025-இல் நடத்திய மாநில அடைவு ஆய்வு 3, 5, 8-ஆம் வகுப்புகளுக்கானது. நான்காம் வகுப்பு எந்த அளவுகோலிலும் சிக்காமல் நழுவிவிடுகிறது.

தமிழகத்தின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் இதில் ஓர் ஆறுதல். கரோனா கால இழப்பை ஈடுசெய்ய 2022-இல் முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கப்பட்ட இத்திட்டம், அடுத்த கல்வியாண்டில் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் நீட்டிக்கப்பட்டது. அரும்பு, மொட்டு, மலர் எனக் குழந்தையின் நிலையறிந்து கற்பிப்பதே இதன் அடிப்படை. அரும்பில் இருக்கும் குழந்தை மலர்வதற்குள் பாடநூலை முடிக்கும் அவசரம் முந்திக்கொள்ளக் கூடாது.

நெய்வேலிக்கு ஒரு வாய்ப்பும் உண்டு. நான்காம் வகுப்பு சமூக அறிவியலில் நகராட்சி, மாநகராட்சி பற்றிய பாடம் வருகிறது. நகரியத்தை நிர்வகிப்பதோ தேர்ந்தெடுக்கப்பட்ட நகராட்சி மன்றம் அல்ல, நிறுவனம். அருகிலுள்ள வடலூர் நகராட்சி, கங்கைகொண்டான் பேரூராட்சி. 'நம் தெருவிளக்கு எரியாவிட்டால் யாரிடம் சொல்வது?' என்ற ஒரே கேள்வி அந்தப் பாடத்துக்கு உயிரூட்டிவிடும். தொழில்களின் அன்றும் இன்றும் என்பதற்கு, 1962-இல் மின் உற்பத்தியைத் தொடங்கி 2020-இல் மூடப்பட்ட முதல் அனல்மின் நிலையத்தைவிட நல்ல பாடம் எது?

அந்த மூடல் இன்னொன்றையும் சொல்கிறது. பழுப்பு நிலக்கரி தந்த வேலையை நம்பி ஒரு தலைமுறை இங்கு வாழ்ந்தது. இன்று ஒன்பது வயதில் இருக்கும் குழந்தை வேலை தேடும் காலத்தில் அந்த வாய்ப்பு அதே அளவில் இருக்கும் என்று எவரும் உறுதி கூற முடியாது. சுரங்கத்துக்கு நிலம் தந்து இடம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கைமுதலாக மிஞ்சுவது கல்வி ஒன்றே.

எனவே, ஒவ்வொரு பள்ளியும் நான்காம் வகுப்பின் முதல் மாதத்தில், மதிப்பெண் இல்லாமல், பொருளுணர்ந்து படிக்கும் திறனைச் சோதிக்கட்டும். பின்தங்கிய குழந்தைக்கு அந்த ஆண்டே கைகொடுக்கட்டும். ஆண்டுதோறும் புத்தகக் கண்காட்சி நடத்தும் ஊரில், சுற்றுக் கிராமப் பள்ளிகளுக்கு ஒன்பது வயதுக்கேற்ற கதை நூல்களைக் கொண்டுசேர்ப்பது பெரிய காரியமல்ல.

பெற்றோர் செய்ய வேண்டியது இன்னும் எளிது. பாடநூலில் இல்லாத ஒரு பத்தியைக் குழந்தையிடம் கொடுங்கள். படித்து முடித்ததும் புத்தகத்தை மூடச் சொல்லி, 'இதில் என்ன சொல்லியிருக்கிறது?' என்று கேளுங்கள். குழந்தை தன் சொந்தச் சொற்களில் சொன்னால் திருப்பத்தைக் கடந்துவிட்டது என்று பொருள். திணறினால் அதட்ட வேண்டாம். நாளையும் ஒரு பத்தியை எடுத்துக்கொண்டு அருகில் அமருங்கள்.