இரண்டு நாள் எம்சி

2011 செப்டம்பரில் சிங்கப்பூரில் ஒரு கட்டுமான ஊழியர் வேலையிடத்தில் கீழே விழுந்தார். வலது கையில் எலும்பு முறிவு. ராஃபிள்ஸ் மருத்துவமனையில் எலும்பு அறுவை சிகிச்சை நிபுணர் வோங் ஹிம் சூன் அவருக்கு அறுவை சிகிச்சை செய்தார். பின்னாளில் நீதிமன்றம்வரை போனது அந்தச் சிகிச்சையைப் பற்றிய வழக்கு அல்ல. வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த சீட்டைப் பற்றியது. மருத்துவ விடுப்பு, அதாவது எம்சி, 2 நாள். அதன்பின் சுமார் ஒரு மாதம் 'லைட் டியூட்டி'.

அலுவலகத்தில் வேலை பார்ப்பவருக்கு லைட் டியூட்டி என்றால் கொஞ்சம் குறைந்த வேலை. கட்டுமானத் தளத்தில் அப்படி ஒரு வேலை இருக்கிறதா என்பதே கேள்வி. காலையில் லாரி ஏற வேண்டும். வெயிலில் நிற்க வேண்டும். சூப்பர்வைசர் சொல்வதைச் செய்ய வேண்டும். அறுவை சிகிச்சை முடிந்த கையோடு அங்கே போய் நிற்பவருக்கு ஓய்வு கிடைக்குமா, காயம் ஆறுமா என்று விசாரித்துவிட்டுத்தான் மருத்துவர் அந்தச் சீட்டில் கையெழுத்திட வேண்டும்.

வெளிநாட்டு ஊழியர்களுக்கு உதவும் 'ஹோம்' அமைப்பு அந்த ஊழியரின் சார்பில் சிங்கப்பூர் மருத்துவ மன்றத்திடம் புகார் கொடுத்தது. ஒழுங்கு நடவடிக்கைத் தீர்ப்பாயம் மருத்துவரை விடுவித்தது. மருத்துவ மன்றம் அதை ஏற்காமல் மேலே போனது. 2016இல் மூன்று நீதிபதிகள் கொண்ட நீதிமன்றம் அந்த முடிவை மாற்றி, மருத்துவருக்கு 6 மாதம் தொழில் செய்யத் தடை விதித்தது. நோயாளிக்கு ஓய்வும் தேறிவரும் சூழலும் கிடைக்குமா என்று உறுதி செய்துகொள்வதும் மருத்துவரின் கடமை என்று தீர்ப்பு நிலைநாட்டியது.

இந்தத் தீர்ப்பின் கனம் சிராங்கூன் சாலைக்காரர்களுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மாலையில் தேக்காவில் கூடும் தமிழ்நாட்டு, பங்களாதேஷ் ஊழியர்களில் பலர் கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் உழைப்பவர்கள். காயம்பட்டோ சம்பளத் தகராறிலோ வேலையின்றி நிற்பவர்களுக்கு 'டிரான்சியன்ட் வொர்க்கர்ஸ் கவுன்ட் டூ' அமைப்பு 2008 முதல் லிட்டில் இந்தியாவில் இலவசச் சாப்பாடு போட்டுவருகிறது. கஃப் சாலைத் திட்டம் என்று அதற்குப் பெயர்.

காயம்பட்டவரை மருத்துவமனைக்கு அழைத்துப் போவது பெரும்பாலும் கம்பெனி ஆள். செலவைக் கட்டுவதும் கம்பெனி. 2011இல் இருந்த விதிப்படி, 3 நாளுக்கு மேல் விடுப்பு கொடுத்தாலோ 24 மணி நேரமாவது மருத்துவமனையில் தங்கவைத்தாலோதான் விபத்தை மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும். விடுப்பு குறைந்தால் யாருக்கு வசதி என்பதை விளக்கத் தேவையில்லை. 2020 செப்டம்பர் 1 முதல் அந்த ஓட்டை அடைபட்டது. வேலையிடக் காயத்துக்கு ஒரு நாள் விடுப்போ லைட் டியூட்டியோ கொடுத்தாலும் முதலாளி அமைச்சுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். லைட் டியூட்டி நாள்களுக்கும் ஊழியரின் சராசரி வருமானத்தை வைத்தே இழப்பீடு கணக்கிடப்படுகிறது.

மருத்துவரைத் தட்டிக்கேட்கும் அமைப்பும் தவறு செய்யும். 2019 ஜனவரியில் லிம் லியன் ஆர்ன் என்ற எலும்பு நிபுணருக்கு 1 லட்சம் வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது. மணிக்கட்டில் போட்ட ஓர் ஊசியின் பக்க விளைவுகளை நோயாளியிடம் சொல்லவில்லை என்பது குற்றச்சாட்டு. ஆயிரக்கணக்கான மருத்துவர்கள் எதிர்ப்பு மனுவில் கையெழுத்திட்டார்கள். இப்படித் தண்டித்தால் மருத்துவர்கள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ளவே தேவையில்லாத பரிசோதனைகளை எழுதுவார்கள், அந்தச் செலவு நோயாளி தலையில்தான் விழும் என்ற கவலை நியாயமானது. அதே ஆண்டு ஜூலையில் உயர் நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்துசெய்தது. எல்லாக் குறையும் தொழில்முறை ஒழுங்கீனம் ஆகிவிடாது, தவறு கடுமையானதாக இருக்க வேண்டும் என்று தெளிவுபடுத்தியது.

மருத்துவர்களின் எதிர்ப்பைத் தொடர்ந்து சுகாதார அமைச்சு அமைத்த பணிக்குழுவின் பரிந்துரைகள் 2020 அக்டோபரில் சட்டத் திருத்தங்களாயின. புகார்களை ஆரம்பத்திலேயே சலித்துப் பார்க்க விசாரணைக் குழு, நோயாளியிடம் எதையெல்லாம் சொல்ல வேண்டும் என்பதற்குச் சட்டத்திலேயே வரையறை என்று பல மாற்றங்கள். ஆனால் தண்டிக்கும் அதிகாரம் குறையவில்லை. கடுமையான தவறுக்கு 3 ஆண்டு வரை தொழில் தடை, 1 லட்சம் வெள்ளி வரை அபராதம், பதிவேட்டிலிருந்து பெயர் நீக்கம் எல்லாம் இன்றும் உண்டு.

புகார் கொடுக்க நினைப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: மருத்துவ மன்றத்துக்கான புகார் எழுத்தில் இருக்க வேண்டும், உறுதிமொழிப் பத்திரமும் இணைக்க வேண்டும். மன்றம் மருத்துவரின் நடத்தையைத்தான் விசாரிக்கும். இழப்பீடு வாங்கித் தராது. அதற்கு வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டமும் நீதிமன்றமும் உள்ளன. பல் மருத்துவர், தாதியர், மருந்தாளுநர் மீதான புகார்களுக்குத் தனித்தனி மன்றங்கள் இருக்கின்றன.

ஆங்கிலச் சீட்டை வாசிக்கத் தெரியாத ஊழியர், புகார் எழுதத் தானாக முன்வருவது அரிது. 2011இல் காயம்பட்டவருக்கும் ஓர் அமைப்பு துணை நின்றதால்தான் வழக்கே வந்தது. உங்கள் விடுதி அறையிலோ பக்கத்து மேசையிலோ கட்டுப்போட்ட கையோடு யாராவது இருந்தால், அவருடைய எம்சியை வாங்கி வாசித்துச் சொல்லுங்கள். எத்தனை நாள் விடுப்பு, எந்தத் தேதிவரை லைட் டியூட்டி, வலி குறையாவிட்டால் திரும்ப வந்து காட்ட அவருக்கு உரிமை உண்டு என்பதையெல்லாம் விளக்குங்கள். அந்தச் சீட்டையும் மருத்துவமனை ரசீதையும் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள்.