“என்ட காசும் இருக்குத்தானே?”: சங்கப் பணமும் சட்டமும்

மரண உதவிச் சங்கமொன்றின் பணம் குறைந்து, கணக்குக் கேட்கும்போது தனாதிகாரியின் வாயில் வழமையாக வருபவை இரண்டு பேச்சுக்கள். “நானும் அங்கத்தவன்தானே, அதில என்ட காசும் இருக்கு” என்பது ஒன்று. “எடுத்தத திருப்பித் தந்திடுறன்” என்பது மற்றது.

முதற்பேச்சு ஒருகாலத்தில் இங்கிலாந்தில் உண்மையாகவே ஆளைத் தப்பவைத்தது. நோய்க்கும் சாவுக்குமெனத் தொழிலாளர் சந்தா சேர்த்த சகாய சங்கங்கள் அங்கு ஏராளம். 1793இல் அவற்றுக்கெனச் சட்டமும் வந்தது. ஆனால் பதிவு செய்யாத சங்கத்தின் பணம் அங்கத்தவர் எல்லோருக்கும் பொது. தன் உடைமையைத் தானே களவாடுவது எப்படி? பெட்டியைத் துடைத்தவருக்கு இந்தக் கேள்வியே கேடயமாயிற்று. 1868ஆம் ஆண்டின் களவுச் சட்டந்தான் அந்த ஓட்டையை அடைத்தது. பங்காளி எடுத்தாலும், பங்கில்லாத பிறத்தியான் எடுத்ததாகவே கொண்டு தண்டிக்கலாம் என்றது அது.

1883இல் வந்த நமது தண்டனைச் சட்டக்கோவைக்கு மாதிரி, 1860இன் இந்தியக் கோவை. அதில் ஓர் உதாரணம் உண்டு. இருவருக்குச் சொந்தமான குதிரையை ஒருவர் சவாரிக்குக் கொண்டுபோனால் குற்றமில்லை. விற்று முழுக்காசையும் தானே வைத்துக்கொண்டால் கையாடல். குதிரைக்குப் பதிலாகச் சந்தாப் பணத்தை வைத்துப் பாருங்கள். இரண்டாவது பேச்சுக்கும் அங்கேயே பதிலிருக்கிறது: கொஞ்சக் காலத்துக்கு மட்டும் கையாடினாலும் அது கையாடலே. ஆனால் நேர்மையற்ற எண்ணம் நிரூபிக்கப்பட வேண்டும். கணக்கெழுதத் தெரியாமல் குழப்பியவர் வேறு, கள்ளக் கணக்கு எழுதியவர் வேறு.

நம்பி ஒப்படைத்ததை மோசம் செய்தால், 389ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது தண்டம், அல்லது இரண்டும். சங்கத்தின் லிகிதரோ வேலையாளோ செய்தால் 391இன்படி ஏழு ஆண்டு வரை போகலாம், தண்டமும் சேரும். சம்பளமில்லாத கௌரவ தனாதிகாரி இதற்குள் வருவாரா என்பதில் சட்டத்தரணிகள் வாதாட இடமுண்டு.

அங்கத்தவரும் தப்ப முடியாது. உயிரோடிருக்கும் உறவினர் மௌத்தாகிவிட்டதாகச் சொல்லி உதவிப் பணம் வாங்கினால் அது ஏமாற்றுதல். 403இல் அதற்கும் ஏழு ஆண்டு வரை சிறை உண்டு.

வழக்குகள் பெரும்பாலும் சறுக்குவது தண்டனையில் அல்ல, ஒப்படைப்பை நிரூபிப்பதில். எவ்வளவு பணம், எந்தத் திகதியில், யார் கைக்குப் போனது? பற்றுச்சீட்டின் அடிக்கட்டையும், கையொப்பமிட்ட கூட்டக் குறிப்பும், வங்கிப் புத்தகமுமே அதைச் சொல்லும். “ஊருக்கே தெரியுமே” என்பதை நீதவான் சாட்சியமாக எடுக்கமாட்டார்.