மருந்து அறைக்கு எந்தக் காலணி?

பட்டாசு மருந்து பற்றிக்கொள்ளத் தீக்குச்சி வேண்டியதில்லை. உடம்பில் தேங்கும் நிலைமின்சாரமே போதும். நடக்கும்போதும், பாலியஸ்டர் துணி உரசும்போதும் அது சேர்கிறது. ஏறத்தாழ 3,000 வோல்ட்டைத் தொடும் வரை சுருக்கென்று தைப்பதுகூட நமக்குத் தெரியாது. அலுமினியப் பொடியும் கந்தகமும் கலந்த மருந்துக்கோ, நமக்கு உறைக்காத சிறு பொறியே எமனாகலாம். ஆமத்தூர், சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தின் வறண்ட காற்றுதான் இந்தத் தொழிலை இங்கே வேரூன்ற வைத்தது. உடம்பில் மின்னேற்றம் தங்குவதற்கும் அந்த வறட்சியே துணைபோகிறது. பல விபத்துகள் மருந்தை உரசுவதாலும் இடிப்பதாலும், அளவுக்கு மீறிக் குவிப்பதாலும் நேர்கின்றன என்பது உண்மை. ஆனால் நிலைமின்சாரம் தொழிலாளியின் உடம்போடு சேர்ந்து, யார் கண்ணிலும் படாமல் செட்டுக்குள், அதாவது வேலைக் கொட்டகைக்குள், நுழைகிறது. ஆகவே அது தரைக்கு இறங்கும் வழியை அமைத்துத் தருவது நிர்வாகத்தின் கடமை.

'சேஃப்டி ஷூ' வாங்கிக் கொடுத்துவிட்டால் அந்தக் கடமை முடிந்ததாகப் பலர் எண்ணுகிறார்கள். எலக்ட்ரீஷியனுக்கான ஷூ மின்சாரத்தைத் தடுக்கவே செய்யப்பட்டது; அதை மாட்டிக்கொண்டு மருந்து அறைக்குள் போனால் மின்னேற்றம் இறங்க வழியின்றி உடம்பிலேயே நிற்கும். சாதாரண ரப்பர் செருப்பும் அப்படித்தான். நிலைமின் தடுப்புக் காலணியின் மின்தடை 1 லட்சம் ஓமுக்கும் 100 கோடி ஓமுக்கும் இடைப்பட்டது. மின்கடத்தும் காலணியில் அது 1 லட்சம் ஓமுக்குள் இருக்கும். வெடிமருந்தைக் கையாளும் இடத்தில் மின்னேற்றம் உடனுக்குடன் இறங்க வேண்டும் என்பதால் சர்வதேசத் தரவிதி இரண்டாவது வகையைப் பரிந்துரைக்கிறது. ஷாக் அடிக்க வாய்ப்புள்ள இடத்தில் அதை அணியக் கூடாது என்றும் எச்சரிக்கிறது. எனவே மின் இணைப்பே இல்லாத கலவை அறைக்கு ஒன்று, மின் கருவிகள் உள்ள பகுதிக்கு இன்னொன்று என்று பிரித்துத்தான் வாங்க வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரை, ஐ.எஸ். 15298 எண், நிலைமின் தடுப்புக்கு 'ஏ', மின்கடத்தலுக்கு 'சி' என்ற குறி ஆகியவற்றைப் பாருங்கள். அடியில் இரும்பு ஆணி இருந்தால் ஒதுக்கிவிடுங்கள்.

வெறுங்காலே எர்த்துதானே, ஷூ எதற்கு என்று கேட்பார்கள். வெறுங்கால் ரப்பர் செருப்பைவிட மேல்தான். ஆனால் காய்த்துப்போன பாதம் மின்சாரத்தை எளிதில் விடாது. ஒரு செட்டிலிருந்து இன்னொன்றுக்கு நடக்கும் காலில் ஒட்டிவரும் மணல், சிந்திய மருந்தின் மேல் உரசினாலே ஆபத்து. செட்டுக்குள் மட்டுமே அணியும் காலணி இரண்டையும் தவிர்க்கும். தரையில் அமர்ந்து வேலை செய்பவருக்குக் காலணியால் என்ன பயன் என்பது நியாயமான கேள்வி. அவர்களுக்கு மின்கடத்தும் ரப்பர் விரிப்பும், பருத்தி உடையும், உள்ளே வருமுன் தொட வேண்டிய எர்த்து செய்த செம்புத் தகடும்தான் காவல். நிற்பவருக்கும் இது பொருந்தும்: தரை மின்சாரத்தைக் கடத்தாவிட்டால் எவ்வளவு விலையுயர்ந்த ஷூவும் வீண். நைலான் காலுறை போட்டாலும், உள்ளே கூடுதல் அட்டை வைத்தாலும், அடியில் சேறு அப்பினாலும் மின்னேற்றம் தரைக்கு இறங்கும் வழி அடைபடும். அதனால் காலணியை வாங்கும்போது பார்த்தால் மட்டும் போதாது. தினமும் வேலை தொடங்கும் முன் சோதனைத் தகட்டின் மேல் ஏறி நின்று மின்தடையை அளக்க வேண்டும்.

செலவைக் காட்டித் தட்டிக்கழிக்க நிர்வாகத்துக்கு இடமில்லை. பாதுகாப்புச் சாதனத்துக்குத் தொழிலாளியிடம் பணம் பிடிக்கக் கூடாது என்பது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்திலிருந்து வரும் விதி. 2020ஆம் ஆண்டுத் தொழிலகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அது உண்டு. தன் பாதுகாப்பு பற்றிய விவரங்களைக் கேட்டுப் பெறவும், உடனடி ஆபத்து என்று அஞ்சினால் நிர்வாகத்திடமும் ஆய்வாளரிடமும் தெரிவிக்கவும் தொழிலாளிக்கு உரிமை இருக்கிறது. போர்மேன் செவிசாய்க்காவிட்டால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கும், மாவட்ட ஆட்சியருக்கும், வெடிபொருள் உரிமம் தரும் பெசோ அமைப்புக்கும் எழுதலாம். பீஸ் ரேட் அவசரத்தில் இதற்கெல்லாம் நேரமேது என்றால், சோதனைக்கு ஆகும் நேரத்துக்கும் கூலி கணக்கிட வேண்டியது முதலாளிதான். காலணி கொடுத்தார்களா என்பதோடு நிற்காமல், அதன் மின்தடையையும் தரையின் மின்தடையையும் கடைசியாக எப்போது அளந்தார்கள், அந்தப் பதிவேடு எங்கே என்று ஒவ்வொரு தொழிலாளியும் கேட்க வேண்டும்.