மூளைக்குள் நுழைய மருந்துக்கு ஒரு மாறுவேஷம்!

ஜலதோஷம். மூக்கு ஒழுகுகிறது. ஒரு அவில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு டி.வி. முன்னால் உட்காருகிறீர்கள். கொஞ்ச நேரத்தில் கண்ணைச் சொக்குகிறது. 'மூக்குக்குத்தானே மாத்திரை போட்டேன், தூக்கம் எங்கிருந்து வந்தது?' என்று என்றைக்காவது யோசித்திருக்கிறீர்களா?

விஷயம் இதுதான். மாத்திரை ரத்தத்தில் கலந்து மூக்குக்குப் போகிறபோதே மூளைக்குள்ளும் புகுந்துவிடுகிறது. நம்மை விழிப்பாக வைத்திருக்கும் ஹிஸ்டமின் என்ற ரசாயனத்தை அங்கேயும் அடக்கிவிடுகிறது. அப்புறம் கொட்டாவிதான்!

இதில் வேடிக்கை என்னவென்றால், சாதாரண ஜலதோஷ மாத்திரை சர்வ சாதாரணமாக நுழையும் மூளைக்குள், உயிர் காக்கும் பல மருந்துகளால் நுழையவே முடிவதில்லை. மூளைக் கட்டிக்குக் கொடுக்க நினைக்கும் எத்தனையோ புற்றுநோய் மருந்துகள் வாசலோடு திரும்பி விடுகின்றன. ஏன்?

வாசலில் ஒரு வாட்ச்மேன்

1885-ல் ஜெர்மனியில் பால் எர்லிக் என்ற விஞ்ஞானி (1908-ல் நோபல் பரிசு வாங்கியவர்) மிருகங்களின் ரத்தத்தில் சாயத்தை ஏற்றிப் பார்த்தார். ஈரல், சிறுநீரகம் என்று எல்லா உறுப்பிலும் சாயம் ஏறியது. மூளையும் தண்டுவடமும் மட்டும் வெள்ளையாகவே இருந்தன! 'மூளைக்குச் சாயம் ஒட்டாது போலிருக்கிறது' என்று அவர் நினைத்தார்.

1913-ல் அவருடைய சீடர் எட்வின் கோல்ட்மன், மூளையைச் சுற்றியுள்ள திரவத்தில் நேராகச் சாயத்தைச் செலுத்தினார். இப்போது மூளை பளிச்சென்று நிறம் மாறியது. மற்ற உறுப்புகளில் சாயமே இல்லை. ஆக, சாயம் மூளையில் ஒட்டத்தான் செய்கிறது. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே ஏதோ ஒரு தடுப்பு இருக்கிறது!

அந்தத் தடுப்பு மண்டை ஓட்டில் இல்லை. மூளைக்குள் ஓடும் மிக மெல்லிய ரத்தக் குழாய்களின் சுவரில் இருக்கிறது. உடம்பின் மற்ற இடங்களில் இந்தச் சுவரின் செல்களுக்கு நடுவே கொஞ்சம் இடைவெளி உண்டு. மூளையிலோ, இடுக்கே தெரியாமல் இறுக்கித் தைத்த மாதிரி செல்கள் ஒட்டியிருக்கின்றன. இந்தக் குழாய்களை நீட்டி வைத்தால் சுமார் 600 கிலோமீட்டர் வரும் என்கிறார்கள். கிட்டத்தட்ட சென்னையிலிருந்து திருநெல்வேலி வரை! அவ்வளவு நீளத்துக்கும் காவல்.

இந்தக் காவல் இல்லாவிட்டால் ரத்தத்தில் கலக்கும் கிருமி, விஷம் எல்லாம் மூளைக்குள் போய்விடும். ஆகவே வாட்ச்மேன் நம் நண்பர்தான். என்ன, கொஞ்சம் கண்டிப்பானவர்!

யாரை விடுவார், யாரை விடமாட்டார்?

கொழுப்பில் கரையும் சின்னஞ்சிறு மூலக்கூறுகள் சுவரில் ஊடுருவிப் போய்விடும். காபியில் உள்ள காஃபின், மது, அவில் எல்லாம் இந்த ரகம்.

மூளைக்கு அவசியமான குளுக்கோஸ், அமினோ அமிலம் போன்றவற்றுக்குத் தனித்தனி வாசல் உண்டு.

சில மருந்துகள் எப்படியோ உள்ளே காலை வைக்கும். சுவரிலுள்ள 'பம்ப்'கள் உடனே பிடித்து வெளியே தள்ளிவிடும். ஃபெக்ஸோஃபெனடின் என்ற அலர்ஜி மாத்திரை தூக்கத்தை வரவழைக்காததற்கு இது ஒரு முக்கிய காரணம்.

மற்றவர்களுக்கு? 'நோ என்ட்ரி'தான். சிறிய மூலக்கூறு மருந்துகளிலேயே 100-க்கு 98 உள்ளே போக முடியாது என்பது நிபுணர்கள் அடிக்கடி சொல்லும் கணக்கு.

சப்பாத்தியும் மாத்திரையும்

உங்கள் வீட்டுப் பெரியவர் யாருக்காவது பார்க்கின்சன் நோய், அதாவது கைநடுக்க நோய் இருக்கிறதா? அப்படியென்றால் இதைக் கவனமாகப் படியுங்கள்.

அந்த நோயில் மூளையில் டோபமின் என்ற பொருள் குறைந்துவிடுகிறது. டோபமினையே ஊசியில் போட்டால் என்ன? போடலாம், வாட்ச்மேன் விடமாட்டார். ஆகவே அதன் முந்தைய வடிவமான லெவோடோபாவை மாத்திரையாகக் கொடுக்கிறார்கள். அது பார்ப்பதற்கு அமினோ அமிலம் மாதிரியே இருப்பதால், அமினோ அமில வாசல் வழியே உள்ளே போய் டோபமினாக மாறிக்கொள்கிறது. எப்படி ஐடியா!

இதிலே ஒரு சங்கடம். பருப்பு, பனீர், முட்டை, கறி என்று புரதம் நிறையச் சாப்பிட்டதும் இந்த மாத்திரையைப் போட்டால், சாப்பாட்டிலிருந்து வரும் அமினோ அமிலங்களும் அதே வாசலில் முண்டியடிக்கும். மருந்து வெளியே நின்றுவிடும். 'மாத்திரை போட்டும் அப்பாவுக்கு நடக்க முடியலையே' என்று நீங்கள் கவலைப்படுவீர்கள். அதனால்தான் பொதுவாகச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு போடச் சொல்கிறார்கள். வெறும் வயிற்றில் குமட்டினால் டாக்டரிடம் சொல்லுங்கள். நீங்களாகப் புரதத்தை நிறுத்திவிடாதீர்கள். உடம்பு இளைத்துப் போகும்.

வந்தது நானோ!

எல்லா மருந்தையும் லெவோடோபா போல மாற்ற முடியாதே! சரி, மருந்தை மாற்ற வேண்டாம், அதைச் சுமந்து போகும் வண்டியை மாற்றினால்? அங்கேதான் நானோ துகள் வருகிறது.

ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்கு, ஒரு நானோமீட்டர். நம் தலைமுடியின் தடிமன் சுமார் 80,000 நானோமீட்டர். 100 நானோமீட்டர் உருண்டைகளை 800 அடுக்கினால்தான் ஒரு முடியின் அகலம். அந்த உருண்டைக்குள்தான் மருந்து.

சின்னதாக இருந்தால் மட்டும் வாட்ச்மேன் விட்டுவிடுவாரா? மாட்டார். வேஷம் வேண்டும்!

1995-ல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் விஞ்ஞானி யோர்க் க்ராய்ட்டரும் ரஷ்ய நண்பர்களும் இதைச் செய்து காட்டினார்கள். டலார்கின் என்ற வலி மருந்தைத் தனியாக ரத்தத்தில் செலுத்தினால் மூளைக்குப் போகாது. அதை நானோ துகளில் ஏற்றி, மேலே பாலிசார்பேட் 80 பூசினார்கள். (ஐஸ்கிரீம் வழுவழுப்பாக இருக்கச் சேர்க்கிறார்களே, அதே சமாசாரம்!) சுண்டெலிகளுக்கு அந்த ஊசியைப் போட்டதும் வலி மட்டுப்பட்டது. மருந்து உள்ளே போய்விட்டது!

எப்படி? கொழுப்பைச் சுமந்து செல்லும் ஒரு புரதம் ரத்தத்திலேயே இருக்கிறது. அது இந்தப் பூச்சின் மேல் வந்து ஒட்டிக்கொள்கிறது. 'கொழுப்பு வந்திருக்கிறது' என்று நினைத்து ரத்தக் குழாய் செல்கள் துகளை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டாரோடு கலந்து நுழைந்து, பந்தியில் உட்கார்ந்துவிடும் ஆசாமியைப் பார்த்ததில்லையா? அந்த மாதிரிதான்!

எலிக்குச் சரி... நமக்கு?

நியாயமான கேள்வி. ரத்தத்தில் போகும் நானோ துகள்களில் பெரும்பகுதியை ஈரலும் மண்ணீரலும் வழியிலேயே பிடித்துக்கொள்கின்றன. மூளைக்குப் போய்ச் சேருவது பெரும்பாலும் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. எலிக்குப் பலித்தது மனிதருக்குப் பலிக்காமலும் போகலாம்.

அதற்காக நானோ மருந்தே பொய் என்று நினைக்காதீர்கள். 2021-ல் கறுப்புப் பூஞ்சை நோய் வந்தபோது லைபோசோமல் ஆம்போடெரிசின் ஊசிக்காக எத்தனை குடும்பங்கள் அலைந்தன! அது நானோ அளவுள்ள கொழுப்புக் குமிழிக்குள் அடைத்த மருந்துதான். ஹெச்.ஐ.வி. நோயாளிகளுக்கு வரும் ஒருவகைப் பூஞ்சை மூளையுறைக் காய்ச்சலுக்கு இதை ஒரே ஒரு தடவை, அதிக அளவில், வேறு இரண்டு மருந்துகளோடு கொடுக்கலாம் என்று 2022-ல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது.

மாறுவேஷ வித்தையும் மனிதரிடம் பலித்திருக்கிறது. ஹன்டர் நோய் என்ற அபூர்வமான பரம்பரை வியாதிக்கு, இரும்புச் சத்துக்கான வாசல் வழியே மூளைக்குள் போகும் மருந்தை 2021-ல் ஜப்பான் அனுமதித்தது. அது நானோ துகள் அல்ல. ஆனால் தந்திரம் அதேதான்.

ஏமாறாதீர்கள்!

மறதி நோய்க்கும் (அல்சைமர்) பார்க்கின்சனுக்கும் மருந்தை மூளைக்குள் கொண்டு சேர்க்கும் நானோ துகள்கள் இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கின்றன. எனவே 'நானோ மஞ்சள் மாத்திரை, மூளைக்குள் நேராகப் போய் ஞாபக சக்தியைத் திருப்பித் தரும்' என்று யாராவது ஆயிரக்கணக்கில் பணம் கேட்டால், இந்த மூன்று கேள்விகளைக் கேளுங்கள்:

1. எந்த நோய்க்கு, எந்த அரசு இதை மருந்தாக அனுமதித்திருக்கிறது?

2. மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்களா, எலியோடு சரியா?

3. ஆராய்ச்சி என்றால், இந்திய மருத்துவ ஆராய்ச்சிப் பதிவேட்டில் அதன் பதிவு எண் என்ன?

பதில் வராவிட்டால் பர்ஸை மூடிவிடுங்கள். முக்கியமாக, நடந்துகொண்டிருக்கும் மாத்திரையை அதற்காக நிறுத்தாதீர்கள். பார்க்கின்சன் மருந்தைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து.

விஞ்ஞானிகள் வாட்ச்மேனை ஏமாற்ற வழி தேடிக்கொண்டிருக்கிறார்கள். தேடட்டும். அதுவரை, இன்று ராத்திரி அப்பாவுக்கு மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் எடுத்துக் கொடுங்கள். அந்த வாசல் ஏற்கெனவே திறந்துதான் இருக்கிறது!