சுட்ட மீனும் மாங்காயும்

காய்ந்த மண்ணில் முதல் மழை விழுந்ததும் ஒரு மணம் எழுமல்லவா? அதை முகர்ந்து மகிழாதவர் இல்லை. அதே மணம் தட்டிலுள்ள மீனிலிருந்து வந்தால் மட்டும், "சேற்று வாடை அடிக்கிறது" என்று முகம் சுளிக்கிறோம். இரண்டுக்கும் காரணம் ஒரே பொருள்தான் என்றால் நம்புவீர்களா?

அதன் பெயர் ஜியோஸ்மின். கிரேக்க மொழியில் 'மண் மணம்' என்று பொருள். 1965-ஆம் ஆண்டில் இதற்கு விஞ்ஞானிகள் இப்பெயரைச் சூட்டினார்கள். மண்ணிலுள்ள சில பாக்டீரியாக்களும், நீரிலுள்ள சில நீலப்பச்சைப் பாசிகளும் இதை உண்டாக்குகின்றன. லட்சம் கோடிப் பங்கு நீரில் பத்துப் பங்கு கலந்திருந்தாலே போதும், நம் மூக்கு கண்டுபிடித்துவிடும்!

இது மீனுக்குள் எப்படிப் போகிறது? சேலம் மாவட்டத்திலுள்ள மேட்டூர் அணையை நீங்கள் பார்த்திருக்கலாம். 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட இந்த அணையில் கட்லா, ரோகு, ஜிலேபிக் கெண்டை முதலிய மீன்கள் கிடைக்கின்றன. ஜிலேபிக் கெண்டை ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. அதன் சதை வெண்மையானது.

அணை, ஏரி, குளம் போன்ற தேங்கிய நீரில் இத்தகைய பாசி பெருகினால், ஜியோஸ்மின் நீரில் கலக்கிறது. மீன் சுவாசிக்கும்போது அது செவுள் வழியாக உடலுக்குள் புகுந்து, கொழுப்பில் தங்கிவிடுகிறது. ஆகவே மீனை எத்தனை முறை கழுவினாலும் வாடை முழுவதும் போவதில்லை. உயிருள்ள மீனைச் சில நாட்கள் தூய நீரில் விட்டுவைத்தால் சிறிது சிறிதாக வெளியேறும்.

சமையலறைக்கு வந்துவிட்ட மீனுக்கு என்ன வழி? அமிலம்தான் வழி! அமிலம் பட்டால் ஜியோஸ்மின் சிதைந்து, மணமற்ற வேறு பொருளாக மாறுகிறது. மீனுக்குப் புளியும் எலுமிச்சையும் மாங்காயும் சேர்க்கும் நம் வீட்டு வழக்கத்தில் இந்த வேதியியல் அடங்கியிருக்கிறது. மாம்பழத்துக்குப் பெயர் பெற்ற சேலத்தில் மாங்காய்க்கா பஞ்சம்? காயில் சிட்ரிக் அமிலம் மிகுதி. பழுக்கப் பழுக்க அமிலம் குறைந்து சர்க்கரை கூடுகிறது. எனவே இதற்குக் காயே ஏற்றது.

பெரியவர் ஒருவரின் துணையுடன் இதைச் செய்து பாருங்கள். ஒரே மீனிலிருந்து ஒரே அளவுள்ள இரண்டு துண்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் உப்பு மட்டும் தடவுங்கள். மற்றொன்றில் உப்புடன் அரைத்த மாங்காய் விழுதையும் தடவுங்கள். அரை மணி நேரம் கழித்து விழுதை வழித்துவிட்டு, இரண்டையும் கம்பி வலையில் வைத்துக் கரித்தணலில் சுடுங்கள். கண்ணைக் கட்டிய நண்பரிடம் கொடுத்து, எதில் வாடை குறைவு என்று கேளுங்கள். பிறகு பொடியாக நறுக்கிய மாங்காய், சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லி, உப்பு ஆகியவற்றைக் கலந்து மீனின் மேல் தூவிச் சாப்பிடலாம். மெக்சிகோ நாட்டினர் இத்தகைய கலவையைச் 'சல்சா' என்கிறார்கள்.

ஓர் எச்சரிக்கை! விழுது பட்ட துண்டு, சுடுவதற்கு முன்பே சற்று வெளுத்திருக்கும். நாமக்கல் முட்டையை வேகவைத்தால் வெள்ளைக்கரு வெளுத்து இறுகுவதைப் பார்த்திருப்பீர்கள். வெப்பம் புரதத்தின் அமைப்பைக் குலைப்பதால் அப்படி ஆகிறது. அமிலமும் அதே வேலையைச் செய்கிறது. ஆனால் மீனில் இருக்கக்கூடிய கிருமிகளையும் புழுக்களையும் அமிலம் முழுவதும் கொல்வதில்லை, வெப்பமே கொல்லும். ஆகவே நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். மிகத் தடித்த இடத்தில் முள்கரண்டியால் கிளறிப் பாருங்கள். உள்ளே கண்ணாடி போன்ற தோற்றம் மறைந்து, சதை இதழ் இதழாகப் பிரிந்தால்தான் வெந்தது என்று பொருள்.

உங்கள் நண்பருக்கு வேறுபாடு தெரியவில்லையா? அந்த மீனில் ஜியோஸ்மின் குறைவாக இருந்திருக்கலாம். அதையும் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். வேறொரு குளத்து மீனைக் கொண்டு மறுபடியும் சோதியுங்கள்.