கட்டிங் வேஸ்ட்டில் எழுந்த நீலமலை!

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு மலையேறும் புகைவண்டியில் உங்கள் பிள்ளைகளை ஒரு முறையேனும் அழைத்துச் சென்றிருக்கிறீர்களா? சென்று வந்தவர்கள் அறிவார்கள். வீடு திரும்பிய பிறகும் பல நாட்களுக்கு, தீப்பெட்டிகளெல்லாம் இரயில் பெட்டிகளாகிவிடும். பாயின் கரையெல்லாம் தண்டவாளமாகிவிடும்.

எங்கள் இல்லத்திலும் அதுவே நிகழ்ந்தது. ஊர் திரும்பிய மறுவாரம் கடையொன்றின் கண்ணாடிக்குப் பின்னே, மலையும் சுரங்கமும் அடங்கிய மின்சாரப் பொம்மை இரயிலைக் கண்டு என் மகன் நின்றுவிட்டான். விலையைக் கேட்டேன். பனியன் கம்பெனியில் சனிக்கிழமை மாலை கைக்கு வரும் கூலியைப் பல வாரங்கள் சேர்த்தாலும் எட்டாத தொகை! "வேண்டாம் அத்தா, போலாம்" என்று அவனே என் கையைப் பிடித்து இழுத்தான். அவன் அடம் பிடித்திருந்தால்கூட என் மனம் அத்தனை வலித்திராது.

அன்றிரவு, கால்மிதிக்கும் அடுப்படித் துடைப்புக்குமென வாங்கி வைத்திருந்த கட்டிங் வேஸ்ட் மூட்டை கண்ணில் பட்டது. அந்த மூட்டையிலிருந்து எழுந்ததுதான் எங்கள் வீட்டு நீலமலை. அதை நீங்களும் எழுப்ப வேண்டும் என்பதற்காகவே இதனை எழுதுகிறேன்.

மலையை அறிவோம்

செய்வதற்கு முன் அறிந்துகொள்வது நலம். நீலகிரி மலை இரயில் பாதையின் பணி 1891இல் தொடங்கியது. 1899இல் குன்னூர் வரையிலும், 1908இல் உதகை வரையிலும் வண்டி ஓடிற்று. 46 கிலோமீட்டர் தூரத்தில், 326 மீட்டர் உயரத்திலிருந்து 2,203 மீட்டருக்கு ஏறுகிறது. வழியில் 208 வளைவுகள், 16 சுரங்கங்கள், 250 பாலங்கள்! யுனெஸ்கோ நிறுவனம் 2005இல் இதனை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தது.

கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே ஏறத்தாழ 12 அடிக்கு 1 அடி ஏற்றம். சாதாரணச் சக்கரம் அதில் சறுக்கிவிடும். ஆகவே இரு தண்டவாளங்களுக்கும் நடுவே பல் வெட்டிய இரும்புப் பட்டைகள் இரண்டைப் பதித்திருக்கிறார்கள். என்ஜினின் பற்சக்கரம் அவற்றைக் கவ்விக்கொண்டு, பின்னாலிருந்து வண்டியைத் தள்ளி ஏற்றுகிறது. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ரோமன் ஆப்ட் வகுத்த முறை இது.

அளவே முதல் பாடம்

நாங்கள் சந்தையில் மலிவாகக் கிடைத்த பேட்டரி இரயில் ஒன்றை வாங்கினோம். அதன் தண்டவாள இடைவெளியை மகன் அளந்தான், 20 மில்லிமீட்டர். மலைப்பாதையின் உண்மையான இடைவெளி 1,000 மில்லிமீட்டர். அப்படியானால் நம் உலகம் ஐம்பதில் ஒரு பங்கு! 2 மீட்டர் உயரக் கதவு 4 சென்டிமீட்டர் ஆகும். ஐந்தரை அடி மனிதர் மூன்றரை சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவார். உங்கள் பொம்மையை அளந்து, இந்தக் கணக்கைப் பிள்ளையிடமே விட்டுவிடுங்கள். இதில் தவறினால், மலையைவிடப் பெரிய மாடு மேயும். ஸ்டேஷன் மாஸ்டர் தன் அறைக்குள் நுழைய முடியாமல் வெளியே நிற்பார்!

மலை எழுகிறது

4 அடி நீளம், 2 அடி அகலத்தில் பழைய பிளைவுட் பலகை ஒன்று போதும். அட்டைப்பெட்டிகளை மலையின் பக்கவாட்டு வடிவில் வெட்டி, வரிசையாக நிறுத்தி ஒட்டுங்கள். பலகையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பாதை 4 அங்குலம் ஏறினால், அதுவே 12க்கு 1 என்ற ஏற்றம். அட்டைகளின் இடைவெளியில் பழைய நாளிதழ்களைக் கசக்கி நிரப்புங்கள்.

இனித்தான் நம்மூர்ச் சரக்கின் பெருமை! அயல்நாடுகளில் இக்கலையில் ஈடுபடுவோர், எலும்பு முறிவுக்குக் கட்டுவது போன்ற, பிளாஸ்டர் ஏற்றிய துணியைக் காசு கொடுத்து வாங்கி மலைமேல் போர்த்துகிறார்கள். நமக்கோ கட்டிங் வேஸ்ட் இருக்கிறது. தறியில் நெய்த துணியை மேடுபள்ளத்தில் போர்த்தினால் மடிப்பு விழும். பனியன் துணியோ கண்ணி கண்ணியாகப் பின்னப்பட்டது. நாலாபுறமும் இழுபட்டு, மலையின் வளைவோடு அப்படியே படிந்துவிடும். ஆனால் முழுப் பருத்தித் துணியாகத் தேர்ந்தெடுங்கள். பாலியெஸ்டர் பசையை நன்கு உறிஞ்சாது. லைக்ரா கலந்ததோ உலர்வதற்குள் சுருண்டு கொள்ளும்.

ஒரு பங்கு மைதாவுக்கு ஐந்து பங்கு தண்ணீர் சேர்த்துக் காய்ச்சிய பசையில் துணியைத் தோய்த்து, பிழிந்து, மூன்று அடுக்காகப் போர்த்துங்கள். பூச்சி அண்டாதிருக்கப் பசையில் மயில்துத்தம் கலக்கும் வழக்கமுண்டு. அது நஞ்சு, பிள்ளைகள் கைவைக்கும் பசையில் வேண்டவே வேண்டாம்! வெயிலில் இரண்டு மூன்று நாள் மொறுமொறுப்பாக உலர்த்தி, மேலே தண்ணீர் கலந்த ஃபெவிகாலை ஒரு முறை பூசினால் போதும்.

நான் செய்த பிழையையும் சொல்லிவிடுகிறேன். பாறைகளுக்காகத் தெர்மாகோலை உடைத்து, அவசரத்தில் செருப்பு ஒட்டும் பசையைத் தடவினேன். கண்ணெதிரே என் பாறைகள் கரைந்து குழிந்தன! மகன் மூன்று நாள் செதுக்கியவை அவை. தெர்மாகோலுக்கு ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையும் தண்ணீர் வண்ணமும் மட்டுமே ஏற்றவை.

மூலையில் கிடப்பவை போதும்

குன்னூர்த் தேயிலைத் தோட்டம் வேண்டுமா? பனியனின் கழுத்துக்கும் கை விளிம்புக்கும் வைக்கும் ரிப் துணியில் பச்சைத் துண்டுகளைத் தேடுங்கள். அதன் வரிவரியான மேடுகள், சரிவில் ஒட்டியதும் தேயிலை வரிசைகளாகிவிடும். தரைக்கு, தேநீர் வடித்த சக்கைத் தூள் நேர்த்தியான மண். பாலும் சர்க்கரையும் போக நன்கு அலசிக் காயவைக்காவிட்டால் எறும்புக் கூட்டம் மலையேறிவிடும்!

நூல் சுற்றி வரும் அட்டைக் கோனின் அகன்ற பகுதியை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, அட்டைச் சுவர்கள்மேல் ஏற்றினால் சுரங்க வாயில். கல்லாற்றுப் பாக்குத் தோப்புக்கு விளக்குமாற்று ஈர்க்குகளின் முனையில் பச்சை நூல் கட்டுங்கள். தலையணைப் பஞ்சை மெல்லியதாகப் பிரித்து உச்சியில் படரவிட்டால் பனிமூட்டம்.

அந்தப் பற்பட்டைக்கு என்ன செய்வது? மகனின் தாயார்தான் வழி சொன்னார்: "ஜிப்பை வைங்களேன்!" பழைய ஜிப் ஒன்றின் இரு பாதிகளையும் பிரித்து, ஒன்றின் பல்லுக்கு நேரே மற்றதன் இடைவெளி வருமாறு தண்டவாளங்களின் நடுவே ஒட்டினோம். ஆப்ட் முறையும் அதுவே. ஒரு பட்டையின் பல்லை விட்டு விலகும் வேளையில் மற்றதன் பல் பிடித்துக்கொள்ளும்; ஆகவே வண்டி நழுவாது.

எல்லாம் முடிந்து, பேட்டரி இரயிலை ஏற்றத்தில் விட்டோம். பாதி ஏறியதும் சக்கரங்கள் வீணே சுழன்றன. வண்டி பின்னோக்கிச் சறுக்கியது. எங்கள் ஜிப் அழகுக்காக ஒட்டியதுதானே. பொம்மை என்ஜினிலோ பற்சக்கரம் இல்லை. மகன் சற்று நேரம் உற்று நோக்கிவிட்டு, "அதுக்குத்தான் பல்லு!" என்றான். நான் எத்தனை முறை விளக்கியும் விளங்காதது அந்த ஒரு சறுக்கலில் விளங்கிவிட்டது. பிறகு அவனே என்ஜினைப் பின்னால் மாட்டி, ஒரு விரலால் தள்ளி ஏற்றினான்.

'இது சிறுபிள்ளை விளையாட்டல்லவா?' எனச் சிலர் கேட்கக்கூடும். புணே நகரில் பி.எஸ். ஜோஷி என்பார் வாழ்நாள் ஆர்வமாகப் பேணிய சிற்றுருவ இரயில்கள், 1998 முதல் ஓர் அருங்காட்சியகமாகவே பொதுமக்கள் பார்வைக்கு வந்தன. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் பிரவுன் சகோதரர்கள் 2001இல் திறந்த சிற்றுருவ உலகைக் காண உலகெங்குமிருந்து மக்கள் செல்கின்றனர். பெரியவர்களையும் ஈர்க்கும் கலை இது.

எங்கள் மலை இன்று கட்டிலுக்கடியில் இருக்கிறது. ஞாயிறுதோறும் வெளியே வரும். அண்டை வீட்டுப் பிள்ளைகள் சூழ்ந்துகொள்வார்கள். ஆளுக்கொரு மரம் நட்டதில் இப்போது காடு அடர்ந்துவிட்டது. கடைக் கண்ணாடிக்குப் பின்னே கண்ட அந்தப் பெட்டியைப் பற்றி மகன் அதன்பின் பேசவேயில்லை. அடுத்த விடுமுறையில் மீண்டும் மலையேறினோம். கல்லாறு நிலையத்தைத் தாண்டியதும் சன்னல் வழியே குனிந்து பார்த்தவன் கூவினான்: "அத்தா, நம்ம ஜிப்பு!"

நேயர்களே! உங்கள் இல்லத்து மூலையிலும் ஒரு மூட்டை கிடக்கக்கூடும். வரும் ஞாயிறன்று பிள்ளைகளை அருகில் அமர்த்தி, அதை அவிழ்த்துப் பாருங்களேன்!